ஸ்கூல் போர்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? வழக்கு வரும் வழிகளை முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் பிள்ளை படிக்கும் பள்ளியில் கணக்குப் பாடம் சரியில்லை, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று கேட்கப்போய், அப்படியே ஊர்ப் பொதுப்பள்ளிகளை மேற்பார்க்கும் ஸ்கூல் போர்டு தேர்தலிலும் நின்று ஜெயித்துவிடும் நம்மவர்கள் உண்டு. நவம்பரில் தேர்தல், பல ஊர்களில் ஜனவரி முதல் வாரத்தில் பதவியேற்பு. போட்டோ எடுத்து முடித்ததும் ஒரு லேப்டாப்பும் கொள்கைப் புத்தகத்தின் லிங்க்கும் தருவார்கள். பட்ஜெட், டெஸ்ட் மதிப்பெண், தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்டின் சம்பளம் பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள். அந்தப் பள்ளிகளின் நிர்வாக அமைப்பான டிஸ்ட்ரிக்ட் எந்தெந்த வழியில் கோர்ட்டுக்கு இழுக்கப்படும் என்பதை மட்டும் முதல் வழக்கு வரும்வரை பெரும்பாலும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

நாட்டில் ஏறத்தாழ 13,000 பொதுப்பள்ளி டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன. சில மாநிலங்களில் ஊருக்கு ஒன்று. ஹவாயில் மாநிலம் முழுக்கவே ஒன்றுதான். மாநிலச் சட்டங்கள் ஒன்றுபோல் இருக்காது. அதனால் இங்கே சொல்வதை வைத்துக்கொண்டு உங்கள் டிஸ்ட்ரிக்டின் வக்கீலிடம் கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு. ஆனால் எந்த மாநிலமாக இருந்தாலும், எந்தச் சட்டமாக இருந்தாலும், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். உங்களுக்கு இது எப்போது தெரியும்? தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? தடிமனான கொள்கைப் புத்தகம் வைத்திருந்தும் தோற்ற டிஸ்ட்ரிக்ட்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பதில் இருந்திருக்காது.

முதல் வேலை: உங்கள் அதிகாரம் எவ்வளவு என்று பாருங்கள்

தனி ஆளாக உங்களுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. முறைப்படி அறிவித்துக் கூட்டிய கூட்டத்தில் போர்டாக உட்கார்ந்து ஓட்டுப் போடும்போதுதான் அதிகாரம் வருகிறது. பிரின்சிபலைக் கூப்பிட்டு "அந்த டீச்சரை மாற்றுங்கள்" என்று சொல்ல உங்களால் முடியாது. சொன்னால், நாளை அந்த டீச்சர் போடும் வழக்கில் உங்கள் போன் அழைப்பும் ஒரு சாட்சியாகிவிடும்.

அடுத்து, கூட்டம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் 1953 முதல் இருக்கும் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்க முடியாது. மற்ற மாநிலங்களிலும் இதே மாதிரிச் சட்டங்கள் உண்டு, கணக்கு மட்டும் மாறும். புதியவர்கள் மாட்டுவது வாட்ஸப்பில்தான். ஐந்து பேர் கொண்ட போர்டில் நீங்கள் ஒருவரிடம் பேசுகிறீர்கள், அவர் இன்னொருவரிடம் பேசுகிறார். மூன்று பேர் ஆகிவிட்டது, பெரும்பான்மை வந்துவிட்டது. ஓர் அறையில் உட்காராமலே சட்டவிரோதக் கூட்டம் நடத்திவிட்டீர்கள். டெக்சாஸில் தெரிந்தே இப்படிச் சுற்றிச் சுற்றிப் பேசி முடிவெடுத்தால் குற்ற வழக்கே வரலாம். போர்டு உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் குரூப்பில் யாராவது சேர்த்திருந்தால் இன்றே வெளியே வந்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

போனில் அழித்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். சொந்த போனிலிருந்து அனுப்பினாலும் பொது வேலை சம்பந்தப்பட்ட செய்தி பொது ஆவணம்தான் என்று 2017இல் சான் ஹோசே நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆவணம் கேட்டு மனு வந்தால் நியூ ஜெர்சியில் 7 வேலை நாளுக்குள், கலிபோர்னியாவில் 10 நாளுக்குள் பதில் போக வேண்டும். டிஸ்ட்ரிக்ட் தந்த ஈமெயிலைத் தவிர வேறு எதிலும் டிஸ்ட்ரிக்ட் வேலையைப் பேசாமல் இருப்பதுதான் எளிது.

பேஸ்புக் பக்கம் வைத்திருப்பவர்கள் போவே வழக்கையும் பார்த்துவிட வேண்டும். சான் டியேகோ பக்கம் இருக்கும் போவே டிஸ்ட்ரிக்டில் இரண்டு போர்டு உறுப்பினர்கள் தேர்தலுக்குத் திறந்த பக்கங்களை ஜெயித்த பிறகும் நடத்தி, திரும்பத் திரும்ப விமர்சனம் எழுதிய பெற்றோரைப் பிளாக் செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மார்ச்சில், கூடவே வந்த இன்னொரு வழக்கில் கோர்ட் ஓர் அளவுகோல் சொன்னது: அரசின் சார்பாகப் பேசும் அதிகாரம் அந்த நபருக்கு உண்மையிலேயே இருந்ததா, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தில்தான் பேசினாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பிளாக் செய்வது பேச்சுரிமையைப் பறிப்பதாகிவிடலாம். வீட்டு விசேஷப் படங்களுக்கு ஒரு பக்கம், பதவி விஷயத்துக்கு வேறு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். எரிச்சலூட்டும் கமென்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

பொங்கல் விழாவில் காதில் விழும் புகார்

இதுதான் உங்களுக்கு நிச்சயம் வரப்போகும் சூழ்நிலை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா. சக்கரைப் பொங்கல் தட்டோடு நிற்கிறீர்கள். ஓர் அம்மா தனியாகக் கூப்பிட்டு, "உங்ககிட்ட சொன்னா ஆகும்னு சொன்னாங்க, அண்ணா. கோச் ஒருத்தர் என் பொண்ணுக்கு ராத்திரியில மெசேஜ் அனுப்புறாரு. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் காப்பாற்றவும் முடியாது, காப்பாற்றக் கூடாது. நீங்களே விசாரிக்கவும் வேண்டாம். கோச்சைக் கூப்பிட்டுக் கேட்பது, வேறு பிள்ளைகளிடம் விசாரிப்பது, மெசேஜை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்வது எதுவுமே கூடாது. கேட்டதைக் கேட்ட வார்த்தைகளிலேயே அன்றைக்கே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, சூப்பரின்டென்டன்டுக்கும், பாலியல் தொந்தரவுப் புகார்களைக் கவனிக்கும் டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளருக்கும் டிஸ்ட்ரிக்ட் ஈமெயிலில் அனுப்புங்கள். அந்த அம்மாவிடமும் அதை நேராகச் சொல்லிவிடுங்கள்: "நான் இதை மறைக்க முடியாது. ஆனா பொண்ணுக்குப் பாதுகாப்பு கிடைக்கிற வழி இதுதான்."

பள்ளிக்குச் சொன்னால் மட்டும் போதாது. குழந்தை மேல் வன்முறையோ பாலியல் அத்துமீறலோ நடப்பதாகச் சந்தேகம் வந்தால் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் யாராக இருந்தாலும் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ போலீசுக்கோ சொல்லியே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் பட்டியலிட்ட பணியாளர்கள் உடனே போனில் சொல்லி, 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். "பிரின்சிபலிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்று டீச்சர் ஒருவர் சொன்னால், அங்கே அவர் கடமை முடியவில்லை. உங்கள் டிஸ்ட்ரிக்டின் வருடாந்தரப் பயிற்சியில் இந்த ஒரு வரி அழுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? டைட்டில் நைன் 1972இல் வந்த சட்டம். மத்திய அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். 1998இல் டெக்சாஸின் லாகோ விஸ்டா வழக்கிலும் 1999இல் ஜார்ஜியாவின் மன்ரோ கவுன்டி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது: டிஸ்ட்ரிக்டுக்கு உண்மையாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் கண்டும் காணாமல் இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் நஷ்டஈடு. மேலோட்டமாகப் பார்த்தால் டிஸ்ட்ரிக்டுக்குச் சாதகமான அளவுகோல்தான். ஆனால் மன்ரோ கவுன்டியில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பெண், பக்கத்தில் உட்காரும் பையன் மாதக்கணக்கில் தொந்தரவு. பெண்ணும் அம்மாவும் டீச்சர்களிடம் சொன்னார்கள், பிரின்சிபலுக்கும் போனது. அவளை வேறு இடத்தில் உட்காரவைக்கவே மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாற்காலியை நகர்த்தாத விஷயம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றது.

2020இல் வந்த மத்திய விதிகள்படி, பள்ளி அளவில் எந்த ஊழியருக்குத் தெரிந்தாலும் டிஸ்ட்ரிக்டுக்குத் தெரிந்த மாதிரிதான். பஸ் டிரைவர், கேன்டீன் ஊழியர் எல்லோரும் சேர்த்தி. 2024இல் கொண்டுவந்த புதிய விதிகளை 2025 ஜனவரியில் கென்டக்கியில் ஒரு மத்திய நீதிமன்றம் ரத்து செய்ததால், நடைமுறையில் இருப்பது 2020 விதிகள். கொள்கைப் புத்தகத்தில் பாதி பழசும் பாதி புதுசுமாகக் கலந்து கிடக்கும் டிஸ்ட்ரிக்ட்கள் உண்டு. உங்களுடையது எது என்று கேளுங்கள்.

தெரிந்தும் அசையாமல் இருந்ததற்கு என்ன விலை என்பதற்கு வெர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் டீச்சரைத் துப்பாக்கியால் சுட்டான். பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று அன்றைக்கே அசிஸ்டென்ட் பிரின்சிபலுக்குப் பலமுறை எச்சரிக்கை போயிருந்தது. அவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்று டீச்சர் போட்ட வழக்கில், 2025 நவம்பரில் ஜூரி அந்த அசிஸ்டென்ட் பிரின்சிபலுக்கு எதிராக 1 கோடி டாலர் தீர்ப்புச் சொன்னது. டிஸ்ட்ரிக்ட் மேல் வந்த தீர்ப்பு அல்ல அது. தனி அதிகாரி மேல் வந்தது.

பழைய விஷயங்களும் திரும்பி வரும். கலிபோர்னியா 2020 முதல் அமலுக்குக் கொண்டுவந்த சட்டத்தால், சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்கள் 40 வயது வரையிலும் வழக்குப் போட முடிந்தது. மிகப் பழைய சம்பவங்களுக்கும் மூன்று வருடம் கதவு திறந்துவைத்தார்கள். 1990களில் ஓர் ஆசிரியர் செய்த கொடுமைக்காக 2023இல் மொரினோ வேலி வழக்கில் ஜூரி சொன்ன தொகை 13.5 கோடி டாலர். அதில் பெரும்பங்குப் பொறுப்பு டிஸ்ட்ரிக்ட் தலையில். அந்தக் காலத்து இன்சூரன்ஸ் பாலிசிகளைத் தேடிப் பரணையும் கிடங்கையும் கிளறிக்கொண்டிருக்கும் டிஸ்ட்ரிக்ட்கள் இன்றும் இருக்கின்றன. உங்களுடைய பழைய பாலிசிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். சும்மா கேட்பதுபோல் இருக்கும். கோடிக்கணக்கான டாலர் கேள்வி அது.

இன்னொன்று: பிரச்சினையான ஆசிரியரை "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், நல்ல லெட்டர் தருகிறோம்" என்று அனுப்பிவைக்கும் பழக்கம். மாணவரிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அவருக்கு வேறு வேலை கிடைக்க உதவுவதை 2015இன் மத்தியக் கல்விச் சட்டம் தடுக்கிறது. ராஜினாமா ஒப்பந்தம் ஓட்டுக்கு வரும்போது காரணத்தைக் கேளுங்கள், வக்கீல் முன்னிலையில், மூடிய அமர்வில்.

சிறப்புக் கல்வி: அதிக வழக்கு, அதிகப் பணம்

1975இல் தொடங்கிய மத்தியச் சட்டம், இன்று ஐடியா என்று அழைக்கப்படுவது, மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி தரச் சொல்கிறது. நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை இதற்காகத் தருவதாக அன்றைக்கு நாடாளுமன்றம் சொன்னது. இதுவரை அந்த அளவைத் தொட்டதில்லை. பணம் இல்லை என்பதை மட்டும் எந்த நீதிபதியும் சாக்காக ஏற்க மாட்டார்.

பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்க டிஸ்ட்ரிக்டுக்கு உரிமை இல்லை. தேவை இருக்கும் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பது டிஸ்ட்ரிக்டின் கடமை. பெற்றோர் சம்மதித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். மாநிலம் வேறு காலக்கெடு வைத்திருந்தால் அது. டெக்சாஸ் 2004இல் மொத்த மாணவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் சிறப்புக் கல்வி என்று ஓர் இலக்கு வைத்தது. டிஸ்ட்ரிக்ட்கள் அதைத் தாண்டாமல் இருக்கப் பிள்ளைகளைத் தட்டிக்கழித்தன. 2016இல் ஒரு பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது; 2018இல் சட்ட மீறல்தான் என்று மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. உங்கள் ஊரில் யாரும் சதவீதம் போட்டுப் பேசாமல் இருக்கலாம். "இன்னும் ஒரு செமஸ்டர் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதும் அதே பலனைத்தான் தரும்.

தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. டிஸ்லெக்சியா, ஆட்டிசம் என்று பள்ளி சொன்னால், "வேண்டாம், பேர் கெட்டுவிடும்" என்று மதிப்பீட்டுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். அது பெற்றோர் உரிமை. ஆனால் டிஸ்ட்ரிக்ட் கேட்டதும், பெற்றோர் மறுத்ததும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வழியாகப் பேசி விட்டுவிட்டால், ஐந்து வருடம் கழித்து அதே பெற்றோர் "எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை" என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, மறந்தே போயிருக்கும்.

கொலராடோவின் டக்ளஸ் கவுன்டி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்குத் திட்டம் வேண்டும் என்றது. திட்டம் சரியில்லை என்று நிரூபித்தால் தனியார் பள்ளிக் கட்டணம், பெற்றோர் தரப்பு வக்கீல் கட்டணம் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் தலையில் விழலாம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு தீர்ப்புகளில் நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். இரண்டுமே டிஸ்ட்ரிக்டுக்கு எதிராக. மிச்சிகனில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் காது கேளாத ஒரு பையனுக்குச் சைகை மொழி சரியாகத் தெரியாத உதவியாளரை வைத்தார்கள். மதிப்பெண் நன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். பட்டமளிப்புக்குச் சில மாதம் இருக்கும்போது, டிப்ளமா கிடையாது, கலந்துகொண்ட சான்றிதழ்தான் என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் நஷ்டஈடு கேட்க அவன் சிறப்புக் கல்வி நடைமுறைகளை முதலில் கடந்து வரத் தேவையில்லை என்று 2023இல் கோர்ட் சொன்னது. அடுத்தது மினசோட்டாவின் ஒஸ்ஸியோ. வலிப்பு நோயால் காலையில் பள்ளிக்கு வர முடியாத பெண். மாலையில் பாடம் நடத்தச் சொல்லிக் கேட்டார்கள் பெற்றோர். முந்தைய ஊரில் கிடைத்தது, இங்கே மறுத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஆறரை மணி நேரப் பள்ளி என்றால் அவளுக்கு நாலே கால். கல்வி வழக்குகளில் மட்டும் "கெட்ட எண்ணம்" இருந்ததை நிரூபிக்கச் சொல்வது தவறு என்று 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதற்கு முன் பல இடங்களில் டிஸ்ட்ரிக்ட்களுக்கு இருந்த பாதுகாப்புச் சுவர் அன்றோடு போயிற்று.

நீங்கள் போர்டில் கேட்க வேண்டியது: எத்தனை மதிப்பீடுகள் காலக்கெடு தாண்டி நிற்கின்றன? ஐஇபியில், அதாவது பிள்ளைக்கென்று எழுதிய தனித் திட்டத்தில், இருக்கும் பேச்சுப் பயிற்சி நேரத்தில் எவ்வளவு உண்மையில் நடந்தது? ஆள் இல்லாமல் விட்டுப்போன மணி நேரங்களை எப்படி ஈடுகட்டுகிறோம்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மாதாமாதம் கேளுங்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு உங்களுக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பதில் மோசமாக இருந்தால் அந்தக் கூட்டத்திலேயே என்ன செய்யப்போகிறோம் என்பது பதிவாக வேண்டும்.

மொழி, குடியுரிமை

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்று தருவார்கள். "தமிழ்னு போட்டா புள்ளைய ஈஎஸ்எல்ல போட்டுருவாங்க, இங்கிலீஷ்னே போடு" என்ற அறிவுரை நம் வாட்ஸப் குரூப்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். படிவத்துக்குப் பின்னால் இருப்பது 1974இன் லாவ் தீர்ப்பு: சான் பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சீனப் பிள்ளைகளுக்கு அதே புத்தகம், அதே டீச்சர் என்று விட்டுவிட்டது பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றோருக்கு ஈஎஸ்எல் என்ற அந்த இங்கிலீஷ் உதவி வகுப்பை மறுக்கும் உரிமை உண்டு, ஆனால் பிள்ளையைக் கணக்கெடுத்துச் சோதிக்கும் கடமை டிஸ்ட்ரிக்டை விட்டுப் போகாது. பெற்றோர் கூட்டத்தில் பத்து வயதுப் பையனையே அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அது சரி செய்ய வேண்டிய குறை.

சேர்க்கையின்போது விசா, சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் அலுவலகம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டெக்சாஸின் டைலர் என்ற ஊர் ஆவணமில்லாத பிள்ளைகளிடம் வருடத்துக்கு 1,000 டாலர் கேட்டது. அந்த வழக்கில்தான் 1982இல், குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

சஸ்பெண்ட், சோதனை, பேச்சு

பத்து நாளோ அதற்குக் குறைவாகவோ சஸ்பெண்ட் செய்தாலும், என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி, பிள்ளை தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒஹையோவின் கொலம்பஸ் வழக்கில் 1975இல் வந்த விதி இது. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளை என்றால் பத்து நாளைத் தாண்டும் முன், நடத்தைக்குக் காரணம் அந்தக் குறைபாடுதானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இந்தக் கூட்டத்தை மறந்துவிட்டு வெளியேற்ற வழக்கைப் போர்டு முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஓட்டுப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

பையைச் சோதிப்பது பற்றிய அடிப்படை விதி எங்கோ தூரத்தில் பிறந்ததல்ல. நம்மவர்கள் நிறைய வசிக்கும் எடிசனுக்குப் பக்கத்தில் பிஸ்காட்டவே ஹைஸ்கூலில் சிகரெட் பிடித்த ஒரு மாணவியின் கைப்பையைத் திறந்ததில் தொடங்கியது. நியாயமான சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம், வாரன்ட் வேண்டாம் என்று 1985இல் முடிவானது. அதற்காக எல்லை இல்லாமல் இல்லை. அரிசோனாவில் ஐபுப்ரோஃபென் மாத்திரை தேடி 13 வயதுப் பெண்ணின் உள்ளாடை வரை போய்ச் சோதித்தார்கள். 2009இல் அது அரசியல் சாசன மீறல் என்றது கோர்ட்.

பேச்சுரிமை வழக்குகளுக்குக் கணக்கே கிடையாது. 1969இல் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த மாணவர்களின் டிங்கர் வழக்கு, 2021இல் பென்சில்வேனியாவில் ஸ்னாப்சாட்டில் திட்டிப் போட்ட சியர்லீடர், 2022இல் மைதானத்தில் ஜெபம் செய்த ஃபுட்பால் கோச், 2025இல் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டியில் கதைப்புத்தக வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை என்ற தீர்ப்பு. உங்கள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், புத்தகம், கொடி, பிரார்த்தனை பற்றி ஏதாவது தீர்மானம் மேஜைக்கு வந்தால் வக்கீல் எழுத்தில் கருத்துத் தரும்வரை ஓட்டைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரித் தீர்மானங்கள் ராத்திரி பத்தரை மணிக்கு, கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் வரும்.

ஆவணங்களும் டேட்டாவும்

1974இன் ஃபெர்பா சட்டப்படி மாணவர் ஆவணத்தைப் பார்க்கப் பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். போர்டு உறுப்பினர் என்பதால் உங்களுக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் ஏன் சஸ்பெண்ட் ஆனான் என்று பார்க்க ஆசை வந்தால், வேண்டாம்.

2024 டிசம்பரில், மாணவர் தகவலை வைத்திருக்கும் மென்பொருளை விற்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து நாடு முழுவதும் டிஸ்ட்ரிக்ட்களின் மாணவர் தகவல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். டிஸ்ட்ரிக்ட் செய்த தப்பு இல்லை என்றாலும் பெற்றோர் கோபம் முதலில் வந்து விழுந்தது டிஸ்ட்ரிக்ட் வாசலில். எந்தெந்த ஆப் நம் பிள்ளைகளின் பிறந்த தேதியை வைத்திருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் அழிப்பார்களா, பத்து வருடம் முன் படித்தவர்களின் தகவலை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம்? ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது கேட்கலாம்.

கட்டடம், பஸ், இன்சூரன்ஸ்

பழைய கட்டடம் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் நிர்வாகத் திட்டம் ஒன்று இருக்க வேண்டும், 1986 முதல் சட்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழு ஆய்வு, வருடம் ஒருமுறை பெற்றோருக்கு அறிவிப்பு. அந்தக் கோப்பை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசி ஆய்வின் தேதியைப் பார்த்தாலே பராமரிப்புத் துறையின் லட்சணம் தெரிந்துவிடும்.

விபத்து நஷ்டஈடு மாநிலத்துக்கு மாநிலம் ரொம்ப மாறும். டெக்சாஸில் நெடுங்காலமாக வாகன விபத்தைத் தவிர மற்ற அலட்சிய வழக்குகளில் டிஸ்ட்ரிக்டுக்குப் பெரும் பாதுகாப்பு. நியூ ஜெர்சியில் 90 நாளுக்குள், கலிபோர்னியாவில் காயம் என்றால் ஆறு மாதத்துக்குள் முதலில் நோட்டீஸ் தர வேண்டும் என்பது பொது விதி. அந்த நோட்டீஸ் ஏதாவது பள்ளி அலுவலகத்தின் மேஜை டிராயரில் தூங்கக் கூடாது. வந்த அன்றைக்கே, பல டிஸ்ட்ரிக்ட்கள் சேர்ந்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் பூலுக்குப் போக வேண்டும்; தாமதமாகச் சொன்னால் பணம் தர மாட்டோம் என்று பாலிசியிலேயே எழுதியிருப்பார்கள். அதே நாளில் சம்பந்தப்பட்ட ஈமெயில், பஸ் கேமரா வீடியோ எதையும் அழிக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போக வேண்டும். பஸ் வீடியோ சில வாரத்தில் தானாகவே அழிந்து, அதன் மேல் புதுசு பதிவாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் மேல் வழக்கு வருமா?

வரலாம். ஆர்கன்சாவின் மீனா என்ற சின்ன ஊரில் பள்ளி நிகழ்ச்சிக்கு வைத்திருந்த பழ பஞ்சில் சில மாணவிகள் மால்ட் மதுவைக் கலந்துவிட்டார்கள். போர்டு அவர்களை வெளியேற்றியது. மாணவிகள் போட்ட வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம், மாணவரின் அரசியல் சாசன உரிமையை மீறுகிறோம் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ நடந்தால் போர்டு உறுப்பினருக்குத் தனிப்பட்ட பாதுகாப்புக் கிடையாது என்றது. பின்னால் வந்த தீர்ப்புகள் அளவுகோலை மாற்றினாலும் "தெரிந்திருக்க வேண்டும்" என்ற பகுதி இன்னும் நிற்கிறது. நடைமுறையில், போர்டாக, வக்கீல் சொன்னபடி, கூட்டத்தில் ஓட்டுப் போட்ட உறுப்பினர் கையிலிருந்து பணம் போவது அரிது. தனியாக ஓடிப்போய் ஏதாவது செய்தவர்தான் மாட்டுவார்.

2025 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தின் பன்னிரண்டு பிராந்தியக் கிளைகளில் ஏழு கிளைகளை மூடினார்கள். இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சில இடங்களில் பேச்சு. கேட்க அரசு வராவிட்டால் பெற்றோர் நேரே வக்கீலிடம் போவார்கள், அவ்வளவுதான்.

பதவியேற்ற முதல் மாதத்திலேயே டிஸ்ட்ரிக்ட் வக்கீலோடு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிலுவையில் இருக்கும் வழக்குகள், கடந்த மூன்று வருடத்தில் சமரசமாக முடிந்தவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போயிற்று, இன்சூரன்ஸ் எவ்வளவு தந்தது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். ஒரே பள்ளி, ஒரே மேற்பார்வையாளர், ஒரே பஸ் ரூட் இரண்டு தடவை வந்தால் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த மூடிய அமர்வில் சூப்பரின்டென்டன்டிடம் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்.